பூங்காவில் இசை விழா: கேமராவுடன் செல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எந்த விழாவை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன?

சென்னையில் பொங்கலையொட்டி நடைபெறும் ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’வை முதன்மையாகவும், ஜனவரித் தொடக்கத்தில் நடைபெறும் மயிலாப்பூர் விழாவின் பூங்காக் கச்சேரிகளைத் துணையாகவும் கொண்டு இவை எழுதப்பட்டுள்ளன. சங்கமம் 2007இல் தொடங்கி, சில ஆண்டுகள் நடந்து, 2011க்குப் பின் நின்றுபோய், 2023 ஜனவரியில் தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறையால் மீண்டும் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு நகரின் 18 இடங்களில் பல மாவட்டங்களைச் சேர்ந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் மேடையேறினார்கள். அவ்விடங்களில் பல, அன்றாடம் மக்கள் நடைப்பயிற்சிக்கு வருகிற மாநகராட்சிப் பூங்காக்கள். நிகழ்ச்சிகள் மாலை 6 மணியிலிருந்து 9 மணி வரை நடைபெறுவது வழக்கம். கட்டணம் கிடையாது. கேமராவுடன் வருபவருக்கு இந்த மூன்று மணி நேரத்தைவிட அதற்கு முந்தைய இரண்டு மணி நேரமே அதிகம் தரும் என்பது என் துணிபு. அதன் காரணம் கீழே வரும் பதில்களில் விளங்கும்.

எந்தப் பூங்காவைத் தேர்ந்தெடுப்பது?

இடங்களின் பட்டியல் ஆண்டுதோறும் சிறிது மாறுவதால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கே.கே. நகர் சிவன் பூங்கா, அண்ணா நகர் கோபுரப் பூங்கா, பெரம்பூர் முரசொலி மாறன் பூங்கா, இராயபுரம் ராபின்சன் பூங்கா ஆகியவை சங்கமத்துக்குப் பழக்கமான இடங்கள். கோபுரப் பூங்காவில் 1968ஆம் ஆண்டு வணிகக் கண்காட்சிக்காக எழுப்பப்பட்ட கோபுரம், அந்தி வானத்தின் முன் எந்தக் கலைஞரை நிறுத்தினாலும் ‘இது அண்ணா நகர்’ என்று சொல்லிவிடும். ராபின்சன் பூங்காவில் அப்படிப்பட்ட அடையாளம் எதுவும் கண்ணில் படாது. ஆனால் 1949இல் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் கொட்டும் மழையில் நடந்த இடம் அது என்பதை அறிந்து செல்பவருக்கு, அங்கே வந்து அமரும் வடசென்னைப் பெரியவர்களின் முகங்களை நிதானமாகப் பார்க்கத் தோன்றும்.

முதன்முறை செல்பவருக்கு என் பரிந்துரை, உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பூங்காவே. ஒரு பூங்காவின் எந்த மூலையில் மாலை வெயில் கடைசியாக நிற்கும், எந்த மரத்தின் நிழல் எங்கே விழும், எந்த விளக்குக் கம்பம் எரியாது என்பவற்றை முன்பே அறிந்திருப்பது, விலையுயர்ந்த லென்ஸ் ஒன்றைக் கையில் வைத்திருப்பதற்கு ஒப்பான வசதி. நான்கைந்து பூங்காக்களை ஒரே மாலையில் சுற்றிவிடலாம் என்று திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் பொங்கல் நேரப் போக்குவரத்து நெரிசலைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

எத்தனை மணிக்குச் சென்று சேர வேண்டும்?

பிற்பகல் நான்கு மணிக்குள் சேர்ந்துவிடுவது நல்லது. ஜனவரி நடுவில் சென்னையில் சூரியன் மாலை ஆறு மணியளவில் மறைகிறது. அதாவது நிகழ்ச்சி தொடங்கும் வேளையில் இயற்கை ஒளி விடைபெற்றுக்கொண்டிருக்கும். நாலரை மணிக்கும் ஆறு மணிக்கும் இடையே மரக்கிளைகளின் ஊடாகச் சாய்வாக வரும் வெயில், ஒப்பனை முடித்த முகத்தின் மீதும் பித்தளைக் கரகத்தின் மீதும் விழுகிறபோது கிடைக்கும் நிறத்தை எந்த மேடை விளக்காலும் தர முடியாது. சூரியன் மறைந்த பிறகும் கால் மணி நேரம், சில நாள்களில் இருபது நிமிடங்கள் வரை, வானம் கருநீலமாக இருக்கும். அப்போது பூங்கா விளக்குகளும் எரியத் தொடங்கியிருப்பதால் இரண்டு ஒளிகளும் ஏறத்தாழச் சமமாகும். மேடையும் மரங்களும் கூட்டமும் ஒருசேரத் தெரிகிற அகன்ற படத்தை அந்த நேரத்தில் எடுக்க வேண்டும். ஏழு மணிக்கு மேல் அதே படத்தில் மேடை மட்டும் வெளிச்சமாகவும், சுற்றியுள்ள அனைத்தும் கரியாகவும் இருக்கும்.

போகி அன்று செல்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அன்று காலையில் எரிக்கப்படும் பழைய பொருள்களின் புகை, பனியோடு கலந்து நகரின் மீது தங்கிவிடும்; சில ஆண்டுகளில் விமானங்களே தாமதமாகும் அளவுக்கு அது இருந்திருக்கிறது. புகை முழுதும் கலையாத நாளில் மாலை வெயில் மங்கிப் பரவும். முகங்களுக்கு அது நன்மை, தொலைவுக் காட்சிகளுக்குக் கேடு. நுரையீரலுக்கு என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் பூங்காவில் எடுப்பதற்கு என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் ஒருமுறை பறைக் குழுவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். பறையின் தோல் ஈரக்காற்றில் தளர்ந்துவிடும் என்பதால், அடிக்கத் தொடங்கும் முன் அதைத் தீயில் காய்ச்சுவார்கள். மேடைக்குப் பின்னால் ஒதுக்குப்புறமாக வைக்கோலையோ காகிதத்தையோ சருகையோ கொளுத்தி, பறைகளை வட்டமாகச் சாய்த்துப் பிடித்துச் சூடேற்றி, இடையிடையே தட்டிக் கேட்டு, நாதம் ஏறவில்லை என்றால் மீண்டும் காட்டுவார்கள். தட்டிக் கேட்கும் அந்த நொடியில் கலைஞரின் முகம் மேடையில் ஒருபோதும் இராத ஒரு கவனத்தோடு இருக்கும். தீயின் வெளிச்சம் கீழிருந்து மேலாக முகத்தில் விழும். புகை பின்னணியை மறைத்து, அங்கே நிற்கும் வேனையும் மின்கல வண்டியையும் நாற்காலி அடுக்குகளையும் இல்லாமல் செய்துவிடும். கேமராவின் வெள்ளைச் சமநிலையை (ஒளியின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை) தானியங்கியில் விட்டால், தீயின் செம்மையை அது ‘திருத்தி’ வெளிறச் செய்யக்கூடும் என்பதால், பகல் ஒளிக்குரிய அமைப்பில் நிறுத்திவைப்பது உத்தமம்.

நாகசுரக் கலைஞர்கள் இருக்கும் பக்கத்தில் வேறு வகையான வேலை நடக்கும். நாகசுரத்தின் வாய்ப்பகுதியாகிய சீவாளி நாணலால் செய்யப்படுவது. அதை நாவால் நனைத்து, ஊதிப் பார்த்து, பிடிக்கவில்லையென்றால் வாத்தியத்திலிருந்து நூலில் தொங்கும் மாற்றுச் சீவாளிகளில் ஒன்றை எடுத்துப் பொருத்துவார்கள். அந்தத் தொங்கும் சீவாளிக் கொத்தையும் அதனோடு கட்டியுள்ள ஊசியையும் அருகிலிருந்து எடுத்த படம், நாகசுரம் என்பது என்ன என்பதை மேடைப் படத்தைவிடத் தெளிவாகச் சொல்லும். பக்கத்திலேயே தவில்காரர் வலக்கை விரல்களுக்குக் கூடு மாட்டிக்கொண்டிருப்பார். அதையும் விட்டுவிடக் கூடாது.

கரகாட்டக் கலைஞர்கள் சலங்கை கட்டுவது, பொய்க்கால் குதிரைக்காரர் மரக்கால்களின் மீது ஏறி நிற்கத் துணைக்கு ஒருவர் தோள் கொடுப்பது, உறுமி வாசிப்பவர் வளைந்த குச்சியைத் தோலின் மீது தேய்த்துப் பார்ப்பது என்று எல்லாமே மரத்தடியில், நல்ல வெளிச்சத்தில், உங்களுக்கும் அவர்களுக்கும் இடையே ஒலிவாங்கியோ தடுப்புக் கம்போ இல்லாமல் நடக்கின்றன. ஆகவே, பூங்காவில் படமெடுப்பதற்கு மிக எளிய இடம் மேடைக்குப் பின்புறம். மிகக் கடினமான இடம் மேடைக்கு நேர் எதிர்ப்புறம். வருகிறவர்களில் பெரும்பாலோர் நேர் எதிரில்தான் நிற்கிறார்கள்.

மேடைக்குப் பின்னால் செல்ல அனுமதி உண்டா?

ஒப்பனை அறையாகத் தடுக்கப்பட்ட இடத்துக்குள் செல்லக் கூடாது. அங்கே உடை மாற்றுவார்கள். அதற்கு வெளியே மரத்தடியில் அமர்ந்திருக்கும் குழுவை அணுகுவதற்கு முறையான வழி, முதலில் குழுவின் தலைவரை, பெரும்பாலும் ‘வாத்தியார்’ என்றோ ‘ஆசான்’ என்றோ மற்றவர்களால் அழைக்கப்படுபவரை, கண்டு வணக்கம் சொல்லி, எந்த ஊர் என்று விசாரித்து, படமெடுக்கலாமா என்று கேட்பது. கேமராவை உறையிலிருந்து எடுப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். கலைஞர்கள் மதுரையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ இரவெல்லாம் பயணம் செய்து வந்திருக்கலாம். களைத்துப் படுத்திருப்பவரைப் படமெடுப்பது உங்களுக்குக் கலைநயமாகத் தோன்றினாலும், அவருக்கு அது அவமானமாகப் படக்கூடும். ‘வேண்டாம்’ என்று ஒருவர் சொன்னால், அவரைச் சம்மதிக்கவைக்க முயலாமல் விலகிக்கொள்ளுங்கள்.

மேடையின் முன்னால் தடுப்பு கட்டப்பட்ட பகுதி பத்திரிகையாளர்களுக்கும் அலுவல்முறை ஒளிப்பதிவுக் குழுவினருக்கும் ஒதுக்கப்பட்டிருக்கும். அங்கே நிற்க விரும்பினால் ஏற்பாட்டாளர்களிடமோ தன்னார்வலர்களிடமோ கேட்டுப் பார்க்கலாம். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் வான்பரப்பைப் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரித்திருக்கின்றன. நகரின் நடுவே மக்கள் கூட்டத்தின் மீது பறக்கவிடுவது சட்டச் சிக்கலைத் தேடிப் போவதாகும்.

எந்தக் கேமராவையும் லென்ஸையும் கொண்டுபோக வேண்டும்?

உங்களிடம் இருப்பதை. வாங்கத்தான் வேண்டும் என்றால், பெரிய துளை கொண்ட, ஜூம் இல்லாத ஒற்றைக் குவியத்தூர லென்ஸ் ஒன்று, எஃப்/1.8 உடைய 50 அல்லது 85 மி.மீ., விலைக்கு மேல் பயன் தரும். மேடைக்கு 70–200 மி.மீ. லென்ஸ் வசதியானது என்றாலும், அதைத் தோளில் சுமந்துகொண்டு கூட்டத்தில் நகர்வது எளிதல்ல. அதைக் கண்டதும் மரத்தடியில் பேசிக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள் என்பது இன்னொரு குறை. முக்காலி தேவைப்படாது. நெரிசலில் யாருடைய காலாவது தட்டும்.

கைபேசி மட்டும் போதுமா?

ஆறு மணி வரை தாராளமாகப் போதும். இருட்டிய பின், கைபேசியின் இரவு முறை பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக இணைப்பதால், அசையாத கூட்டத்துக்குப் பொருந்துமே தவிர ஆட்டத்துக்குப் பொருந்தாது. ஆடுபவரின் கைகள் பாதி கரைந்துபோயிருக்கும். இரவு முறையை அணைத்துவிட்டு, முகத்தின் மீது விரலால் அழுத்திக் குவியத்தையும் ஒளியளவையும் பூட்டி, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுக்கலாம். திரையை விரலால் விரித்துப் பெரிதாக்குவதற்குப் பதிலாக நீங்களே முன்னே நகருங்கள்.

மேடையில் முகங்கள் நீலமாகவும் ஊதாவாகவும் வருகின்றன. என்ன செய்வது?

இப்போதைய மேடைகளில் எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கொரு நிறம் மாறுகின்றன. ஆழ்ந்த நீலமோ சிவப்போ முழுமையாக விழும்போது, படத்தின் ஒரு நிறத் தடம் மட்டும் நிரம்பி வழிந்து, முகத்தின் மேடுபள்ளங்கள் மறைந்து, வண்ணத் தகடு ஒட்டியதுபோல ஆகிவிடும். கேமராவின் ஒளியளவுமானி மூன்று நிறங்களையும் சேர்த்து மதிப்பிடுவதால் இதை எச்சரிக்காது. எனவே நிறங்களைத் தனித்தனியாகக் காட்டும் வரைபடத்தைப் பார்த்து, ஒரு ‘ஸ்டாப்’ வரை, அதாவது ஒளியளவைப் பாதி வரை, குறைத்து எடுப்பதும், கேமரா எதையும் திருத்தாத ‘ரா’ (RAW) கோப்பாகச் சேமிப்பதும் அவசியம். இவ்வளவுக்குப் பின்னும் தேறாத படத்தைக் கறுப்புவெள்ளையாக மாற்றினால் பல நேரங்களில் பிழைத்துக்கொள்ளும்.

எளிய வழி ஒன்றும் உண்டு. ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியிலும், தொகுப்பாளர் பேசும்போதும், சிறப்பு விருந்தினர் பொன்னாடை போர்த்தும்போதும் வெள்ளை விளக்குகளைப் போடுவார்கள். விளக்காளர் எந்தத் தாளத்தில் நிறம் மாற்றுகிறார் என்பதை முதல் சில நிமிடங்கள் கவனித்தால், வெள்ளையோ மஞ்சளோ வரும் தருணத்தை ஊகிக்கலாம். கேமராவைக் கையால் இயக்கும் முறையில் வைத்து, துளை எஃப்/2.8, ஷட்டர் 1/250 நொடி, ஒளியுணர்திறன் (ஐ.எஸ்.ஓ.) 3200 என்று தொடங்கி, திரையில் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

படங்களில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழுவதேன்?

நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. அதில் நேரடியாக எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. கண்ணுக்கு இது தெரியாது. ஆனால் சத்தமில்லாத மின்னணு ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால், மங்கிய நொடியில் படிக்கப்பட்ட வரிகள் இருண்ட பட்டையாகின்றன. இயந்திர ஷட்டருக்கு மாறுவது முதல் மருந்து. 1/100 அல்லது 1/50 நொடியில் எடுப்பது அடுத்தது. மேடைக்குரிய எல்.இ.டி. விளக்குகளும் பின்திரைகளும் வேறு வேகங்களில் துடிப்பதால், சில மேடைகளில் இவ்விரண்டும் பலிக்காமல் போகலாம். அப்போது ஷட்டர் வேகத்தைச் சிறிது சிறிதாக மாற்றிச் சோதிப்பதைத் தவிர வழியில்லை. பின்திரை படத்தில் விழாத கோணத்துக்கு நகர்வது, நான் அடிக்கடி செய்வது.

ஆட்டங்களுக்கு எந்த ஷட்டர் வேகம் சரியானது?

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒவ்வொரு வேகம். எல்லாவற்றையும் 1/1000இல் உறையவைத்துவிட்டால், ஆடுபவர்கள் அனைவரும் காட்சிக்கூடத்துச் சிலைகளாகத் தெரிவார்கள்.

கரகாட்டத்தை எடுத்துக்கொள்வோம். தலையில் கரகம் அசையாமல் நிற்கவேண்டும் என்பதே அந்த ஆட்டத்தின் வித்தை. உடல் எவ்வளவு சுழன்றாலும் தலை அச்சாணியாக இருக்கும். ஆகவே 1/30 நொடிக்கு இறங்கினால், கரகமும் அதன் உச்சியிலுள்ள கிளியும் ஓரளவு கூர்மையாகவும், பாவாடையும் கைகளும் கரைந்த வட்டமாகவும் பதியும். ஆட்டத்தின் இலக்கணத்தையே படம் சொல்லிவிடுகிறது. இது எல்லா முறையும் வாய்க்காது. தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்தால் ஒன்றிரண்டு தேறும்.

பறையாட்டத்தில் விசை வேறு இடத்தில் இருக்கிறது. பறையடிப்பவர் ஒரு கையில் நீண்ட மெல்லிய சிம்புக் குச்சியையும் மறுகையில் குட்டையான அடிக்குச்சியையும் பிடித்திருப்பார். அடிக்குச்சி மேலே போய்த் திரும்பும் உச்சியில் ஒரு கணம் வேகம் இல்லாமல் நிற்கும். அந்தக் கணத்தைப் பிடித்தால் 1/125 நொடியே போதும். தோலில் படும் கணத்தைப் பிடிக்க 1/500க்கு மேல் வேண்டும். உச்சியைப் பிடித்த படத்தில் வரப்போகும் அடியின் எதிர்பார்ப்பு இருக்கும் என்பதால், நான் அதையே விரும்புகிறேன். குச்சி உயர்வதைக் கண்ணால் பார்த்துவிட்டு விரலை அழுத்தினால் காலம் கடந்துவிடும். அடவின் சந்தத்தைக் காதால் பிடித்து, இரண்டு மூன்று சுற்றுகள் கேட்டு, அடுத்த அடி எப்போது விழும் என்று தெரிந்த பிறகு அழுத்த வேண்டும். காலால் தாளம் போடுபவர்களுக்கு இது இயல்பாக வரும்.

ஒயிலாட்டத்திலும் தேவராட்டத்திலும் கைக்குட்டைகள் ஒருசேர எழும் தருணமே உயிர். இவை வரிசையாக நின்று ஆடுபவை. முன்னாலிருந்து எடுத்தால் வரிசை தட்டையாகிவிடும். மேடையின் ஓரத்திலிருந்து, வரிசையின் நீளத்தில் பார்த்து எடுத்தால், ஒரே கோணத்தில் சாய்ந்த உடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரியும். பொய்க்கால் குதிரைக்கு, தரையோடு தரையாகக் குனிந்து மரக்கால்கள் தெரியும்படி எடுக்க வேண்டும். இடுப்புக்கு மேலே மட்டும் எடுத்தால் அது வெறும் குதிரைப் பொம்மை. சிலம்பத்தில் தீப்பந்தம் சுழற்றினால், கால் நொடி வரை ஷட்டரைத் திறந்துவைத்துத் தீவட்டத்தைப் பதியலாம். கம்பு வீச்சுக்கு எட்டாத தூரத்தில் நின்று, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாடுபவர்களையும் வாத்தியக்காரர்களையும் எப்போது எடுக்க வேண்டும்? எல்லோரும் ஒரே இடத்தில் அசையாமல் அமர்ந்திருக்கிறார்களே?

அசைவு குறைவாக இருப்பதால் இவர்களை எடுப்பது எளிது என்று நினைப்பவர்கள், திறந்த வாயும் ஒலிவாங்கியும் மட்டும் உள்ள படங்களோடு வீடு திரும்புவார்கள். ஒலிவாங்கி முகத்தை மறைக்காத பக்கத்தைக் கண்டுபிடித்து அங்கே நிலைகொள்வது முதல் வேலை. மற்றபடி இங்கும் காதுதான் வழிகாட்டி. ராகத்தைச் சொற்களின்றி விரித்துப் பாடும் ஆலாபனையின்போது பாடகரின் கண்கள் மூடியிருக்கும், கை காற்றில் வரைந்துகொண்டிருக்கும். அவர் ஒரு சங்கதியை முடித்ததும் வயலின்காரர் அதை வாங்கி வாசிக்கிற நேரத்தில், பாடகரின் முகத்தைப் பாருங்கள்; கேட்கும் முகம் பாடும் முகத்தைவிட அழகாக இருப்பது உண்டு. தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் இறுதியில், கோர்வை எனும் முடிப்புத் தாளக்கட்டு மூன்று முறை வரும். மூன்றாவது முறை முடிந்து எல்லோரும் ஒன்றாகப் பல்லவியில் வந்து இறங்கும் இடத்தில், மேடையிலுள்ளவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைத் தவறவிட்டால் திரும்பக் கேட்க முடியாது. முதல் முறை முடியும்போதே கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

நாகசுரத்தில் நீண்ட பிடிகளின்போது கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைத்திருக்கும். அந்தப் படங்கள் உழைப்பைக் காட்டும் என்றாலும், பல கலைஞர்களுக்குத் தங்கள் முகத்தை அப்படிப் பார்ப்பதில் விருப்பம் இருப்பதில்லை. வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்து, தவில்காரரின் சொல்லுக்குத் தலையசைக்கும் தருணத்தையும் சேர்த்து எடுத்துவைப்பது நியாயமானது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தில் கடைந்த அதன் குழலின் மீது வியர்வையும் விரலும் பட்டு ஏறிய மெருகு, பக்கவாட்டு வெளிச்சத்தில் தனியாகவே ஒரு படத்துக்குத் தகுந்தது.

ஒலிபெருக்கி இல்லாத பூங்காக் கச்சேரிகளைப் படமெடுப்பதில் என்ன வேறுபாடு?

மயிலாப்பூர் லஸ் பகுதியிலுள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவில் இத்தகைய கச்சேரிகள் நடந்துவருகின்றன. அமிர்தாஞ்சனைத் தொடங்கியவரும் பத்திரிகையாளருமான காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரால் அமைந்த பூங்கா அது. மயிலாப்பூர் விழாவின்போது அங்கே காலை வேளையில் இளம் பாடகர்கள் ஒலிவாங்கி இல்லாமல் பாடுவார்கள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். முகத்துக்கு முன்னால் ஒலிவாங்கி இல்லை, வண்ண விளக்கு இல்லை, இலைகளில் வடிகட்டிய காலை ஒளி இருக்கிறது. படமெடுப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

வேண்டுவது அடக்கம். தம்பூரின் சுருதிக்கு மேல் காக்கையின் குரலும் ஷட்டரின் ‘டக்’கும் துல்லியமாகக் கேட்கும். விளக்குகளின் துடிப்பு இங்கே பிரச்சினையில்லை என்பதால், சத்தமில்லா ஷட்டரை அச்சமின்றிப் பயன்படுத்தலாம். அது இல்லாத கேமராவாக இருந்தால், பாட்டு முடிந்து கைதட்டும் வரை காத்திருக்கலாம், அல்லது மிருதங்கம் உச்சத்தில் இருக்கும்போது எடுக்கலாம். குவியம் சேர்ந்ததும் ‘பீப்’ என்று ஒலிக்கும் அமைப்பை வீட்டிலேயே அணைத்துவிட்டு வாருங்கள்.

ஃபிளாஷ் பயன்படுத்தலாமா?

மேடையை நோக்கி, கூடாது. தலையில் கரகத்தோடு ஏணியில் நிற்கும் ஒருவரின் கண்ணில் பளிச்சென்று ஒளி அடிப்பது ஆபத்து.

பெண் கலைஞர்களைப் படமெடுக்கும்போது தனிக்கவனம் தேவையா?

தேவை. கரகாட்டத்தைப் பற்றிய ஒரு கொச்சையான பார்வை நம் சமூகத்தில் நெடுநாளாக இருந்துவருகிறது. பல ஊர்களில் கரகாட்டக் கலைஞர்கள் அதனால் பட்ட சிறுமைகள் அதிகம். சங்கமம் போன்ற விழாக்களின் பயன்களில் ஒன்று, குடும்பத்தோடு வந்து அமர்ந்து பார்க்கும் கலையாக அதை நகரத்தின் நடுவே நிறுத்தியது. அந்த மேடைக்குக் கீழே நின்று, தாழ்வான கோணத்தில், உடலின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுக்கும் படங்கள் அந்தப் பழைய பார்வைக்கே திரும்பிப் போகின்றன. முகம், கரகம், கால் அடவு மூன்றும் ஒரே சட்டகத்தில் வரும்படி எடுப்பது நல்ல விதி. சுழலும்போது உடை விலகிய படங்களை வீட்டுக்குப் போய்த்தான் நீக்குவது என்றில்லாமல் அங்கேயே நீக்கிவிடுங்கள்.

பார்வையாளர்களையும் குழந்தைகளையும் எடுக்கலாமா?

கூட்டமாக எடுப்பதற்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை. தனிமுகமாக எடுக்கும்போது, எடுத்த பிறகாவது படத்தைக் காட்டிப் புன்னகைத்து ஒப்புதல் பெறுவது முறை. குழந்தையாக இருந்தால் பெற்றோரை முன்பே கேட்க வேண்டும். பறை முழங்கத் தொடங்கியதும் தந்தையின் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தை தன்னையறியாமல் தலையாட்டுவதும், சொந்த ஊர்ப் பாட்டைக் கேட்ட மூதாட்டி வாயசைப்பதும் மேடைக்கு முதுகைக் காட்டி நிற்பவர்களுக்கு மட்டுமே தெரியும் காட்சிகள். காணும் பொங்கலன்று பூங்காக்களில் நகர இடமிருக்காது. மேடையைப் படமெடுக்க அது மோசமான நாள், மக்களைப் படமெடுக்க அதைவிட நல்ல நாள் இல்லை.

வேறு என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

கூடுதல் பேட்டரி, கூடுதல் மெமரி கார்டு, தண்ணீர், லென்ஸைத் துடைக்க மென்துணி. ஜனவரியில் மழை பெரும்பாலும் ஓய்ந்திருந்தாலும், வடகிழக்குப் பருவமழை பொங்கல் வரை இழுத்த ஆண்டுகளும் உண்டு. ஒரு பெரிய நெகிழியுறை பையில் இருக்கட்டும். ஆடுகளம் மண்தரையாக இருந்தால் புழுதி எழும் என்பதால் அங்கே லென்ஸ் மாற்றாதீர்கள். காது அடைப்பான் நகைப்பாகத் தோன்றலாம். ஒலிபெருக்கி அடுக்குக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றவர் சிரிக்கமாட்டார். சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பல இடங்களில் உணவுக் கடைகள் இருக்கும்.

எடுத்த படங்களைக் கலைஞர்களுக்கு அனுப்ப வேண்டுமா?

கட்டாயம் அனுப்ப வேண்டும் என்பேன். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு அடுத்த நிகழ்ச்சி கிடைப்பதில் நல்ல படத்துக்குப் பங்கு உண்டு; அழைப்பிதழுக்கும் சுவரொட்டிக்கும், அரசு விருதுக்கு விண்ணப்பிக்கும் போதும் அவர்களிடம் கேட்கப்படுவது படம்தான். பல குழுக்களிடம் மங்கலான கைபேசிப் படங்களே இருக்கின்றன. மரத்தடியில் பேசும்போதே குழுத்தலைவரின் வாட்ஸாப் எண்ணை வாங்கிக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் பத்துப் பன்னிரண்டு படங்களை அனுப்பிவிடுங்கள். வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, அச்சுக்கு உதவாமல் போகும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் முழு அளவிலேயே போய்ச் சேரும். உங்கள் பெயர் முத்திரையைப் படத்தின் நடுவே பதிக்காதீர்கள்.

சமூக வலைத்தளத்தில் போடுவதாக இருந்தால், குழுவின் பெயரையும் ஊரையும் கலையின் பெயரையும் சரியாக எழுத வேண்டும். பறையாட்டத்தின் படத்துக்குக் கீழே ‘டிரம்ஸ்’ என்றும், தேவராட்டத்துக்குக் கீழே ‘நாட்டுப்புற நடனம்’ என்றும் எழுதிவிட்டுப் போவது அவர்கள் பெயரைக் கேட்காமலே படமெடுத்ததற்குச் சமம். தனி ஒருவரின் முகம் உள்ள படத்தில் அவர் பெயரைப் போடலாமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் குழுவின் பெயர் மட்டும் போதும் என்பார்கள்.